வயிறு எக்கி மூச்சு விடும் குட்டி: செங்காங் தம்பிக்கு

தம்பி, முதலில் கிளம்புங்கள். இதைக் கிளினிக்கில் காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். எட்டு மாதப் பூனைக்குட்டி. நேற்று காலையிலிருந்து சாப்பாட்டில் வாய் வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் முழங்கையை அகட்டிக் குந்திக்கொண்டு, வயிறு எக்கி எக்கி வேகமாக மூச்சு விடுகிறது. நீங்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, செங்காங்கில் அறை வாடகைக்கு இருக்கிறீர்கள். வெயிலுக்கு இப்படி இரைக்குமா, டோலோவில் (பாராசிட்டமால்) கால் மாத்திரை கொடுக்கலாமா, டாக்டருக்கு எவ்வளவு ஆகும், உரிமம் எடுக்காததால் மாட்டிக்கொள்வேனா, வீட்டுக்காரர் என்ன சொல்வார், பின்னால் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

வெயிலுக்கு இல்லை. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பூனை அப்படிச் செய்வது அபூர்வம். துரத்தி விளையாடிய குட்டி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு அடங்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனைக்கு மூச்சு இரைத்தால், அதிலும் வாயைத் திறந்து மூச்சு விட்டால், அது அவசரம். உங்கள் குட்டி படுக்காமல் குந்தியே இருப்பதற்கும் காரணம் உண்டு. படுத்தால் நெஞ்சு விரிய இடம் போதவில்லை.

எண்ணிப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். பூனை அசந்து தூங்கும்போது விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை சரி. தூக்கத்திலேயே 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். 40ஐத் தாண்டினாலோ, வயிறு எக்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது.

இப்போது டோலோ. இதற்காகத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன். கொடுக்காதீர்கள். கால் மாத்திரையும் கூடாது, பொடித்துப் பாலில் கலந்தும் கூடாது. நம் ஈரல் பாராசிட்டமாலைப் பிரித்து வெளியே அனுப்பிவிடும். அதற்கு வேண்டிய நொதி பூனையின் ஈரலில் போதாது. மருந்து விஷமாக மாறி இரத்தத்தைக் கெடுக்கும், அந்த இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். டோலோ 650இல் கால் பங்கு என்றால் 160 மில்லிகிராமுக்கு மேல். மூன்று கிலோ பூனையைக் கொல்ல அது போதும். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் குட்டிக்குச் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து உண்டு, சீக்கிரம் ஏற்றினால் பிழைக்கலாம்.

நம் ஊர்ப் பெட்டியில் மருந்து கொண்டுவராதவர் யார்? பெட்டியில் ஊறுகாய் இருக்கிறதோ இல்லையோ, மாத்திரை அட்டை இருக்கும். அதோடு இங்கே வந்ததும் கோடாலித் தைலம் சேர்ந்துகொள்கிறது. தலைவலிக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான். பூனைக்குச் சளி என்று அதன் நெஞ்சில் தைலம் தடவிவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பூனை தன் மேல் இருப்பதையெல்லாம் நக்கித்தான் சுத்தம் செய்யும். தைலத்தில் இருக்கும் கற்பூரமும், யூகலிப்டஸும், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த எண்ணெயும் நேராக அதன் வயிற்றுக்குள் போகும். ஆவி பிடிக்க விடுவது, மிளகுக் கஷாயம் ஊற்றுவது, மஞ்சள் கரைத்துப் புகட்டுவது எல்லாம் வாட்ஸ்ஆப்பில் யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். மூச்சு இரைக்கும் பூனையின் வாயில் தண்ணீர் ஊற்றினால்கூட நுரையீரலுக்குள் போய்விடலாம்.

பூனையைத் தூக்கிச் செல்லும் பெட்டியில் ஒரு துண்டை விரித்துக் குட்டியை உள்ளே விடுங்கள், மேலே இன்னொரு துண்டைப் போட்டு மூடுங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். மார்போடு இறுக்கித் தூக்க வேண்டாம். ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள். கிராப் என்ற வாடகைக் கார் செயலியில் செல்லப் பிராணிகளுக்கென்று தனி வண்டி உண்டு, தாமதமானால் டாக்சிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். போகும் வழியிலேயே கிளினிக்குக்குப் போன் செய்து, மூச்சுத் திணறலோடு பூனை வருகிறது என்று சொல்லிவிட்டால் ஆக்சிஜனைத் தயாராக வைத்திருப்பார்கள். அது மூச்சு விடுவதைப் போனில் கொஞ்சம் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்குப் பத்து வார்த்தை மிச்சம்.

அங்கே சில கேள்விகள் கேட்பார்கள். ஜன்னலிலிருந்து விழுந்ததா? மாடியிலிருந்து விழுந்த குட்டி காயமே இல்லாததுபோல் எழுந்து நடக்கும், உள்ளே நுரையீரல் கன்றிப்போயிருக்கும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்திருக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து தும்மினால் பூனைச் சளிக் காய்ச்சலாக இருக்கலாம். மூக்கு அடைத்து வாசனை தெரியாமல் போனால் பூனை சாப்பிடாது, மீனைக் கொஞ்சம் சூடாக்கிக் கொடுத்தால் சிலது தின்னும். ஆனால் அந்த மூச்சு மூக்கில் கரகரக்கும். நீங்கள் சொல்வது சத்தமில்லாமல் வயிற்றில் இழுக்கும் மூச்சு, அது நெஞ்சு விஷயம். ஆஸ்துமா இருக்கலாம், இதயத் தசை தடித்திருக்கலாம், நெஞ்சில் சீழோ நீரோ கட்டியிருக்கலாம். வீட்டில் சாம்பிராணி, கொசுவர்த்தி உண்டா என்று கேட்டால் வெட்கப்படாமல் உண்டு என்று சொல்லுங்கள். தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரத்தைக் குட்டி கடித்து விளையாடியதா என்பதையும் யோசித்துப் பாருங்கள். சாப்பிடாமல் இருப்பதற்கு விழுங்கிய நூலும் காரணமாகலாம், குடலையே சுருக்கிவிடும்.

சாப்பாடு பற்றி ஒன்று மட்டும். பசித்தால் தானே தின்னும் என்பது பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேரும், அப்புறம் அதுவே தனி நோய். குட்டி என்றால் இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

சரி, காசு. பகலில் டாக்டர் பார்ப்பதற்கு மட்டும் பொதுவாக நூறு வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடியும். இரவில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. எக்ஸ்ரே, ஆக்சிஜன், இரத்தப் பரிசோதனை சேர்ந்தால் பல நூறு, உள்ளே தங்க வைத்தால் ஆயிரத்தைத் தாண்டும். சென்னையில் வேப்பேரி மாதிரி ஓர் அரசு கால்நடை மருத்துவமனையை இங்கே தேடாதீர்கள். மனிதர்களுக்குப் பலதுறை மருந்தகம் உண்டு, பூனைக்கு அப்படி எதுவும் கிடையாது. முதலிலேயே மதிப்பீடு கேளுங்கள், என்னால் இவ்வளவுதான் முடியும் என்று தயங்காமல் சொல்லுங்கள். எது முக்கியமோ அதை முதலில் செய்வார்கள்.

ஆனால் அந்தத் தொகையை ரூபாயில் பெருக்காதீர்கள். எனக்கு இதில் ஆத்திரமே உண்டு. விருந்துக்குப் போனால் நம்மவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு பூனைக்கு எண்ணூறு வெள்ளியா, ஊரில் ஐம்பதாயிரம் ரூபாய் ஆச்சே என்பார்கள். அவர்களே விடுமுறையில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று சப்பை மூக்குப் பெர்சியக் குட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவார்கள். மெல்பர்னில் வேலை கிடைத்ததும் அதை அடுக்குமாடியின் கீழே இருக்கும் வெற்றுத்தளத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறுவார்கள். எங்கள் பிளாக்கின் கீழே அப்படி விடப்பட்ட ஒன்றுக்கு இன்றும் நானும் ஒரு சீனப் பாட்டியும் முறை வைத்துச் சோறு போடுகிறோம். வெள்ளியில் சம்பளம் வாங்குகிறோம், வெள்ளியில் செலவு செய்கிறோம். இந்த ஊரில் வாழ வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு போதும்.

நான் இதைக் கற்றது பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. பூன் லேயில் ஓர் அறை, கணவருக்குத் துவாஸில் கப்பல் பட்டறையில் இரவு வேலை. பேச்சுத் துணைக்கு ஆளில்லை, ஆங்கிலம் சரியாக வராது, சந்தையில் விரலைக் காட்டித்தான் மீன் வாங்குவேன். அப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லை, ஆனாலும் பலர் வளர்த்தார்கள். மக்சிக் (அந்த மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன், மலாயில் அத்தை மாதிரி) வீட்டிலும் இருந்தது. ஒரு நாள் நடுராத்திரி என் கதவைத் தட்டினார். மகன் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முகாமில், கையில் துணி சுற்றிய பெட்டி. கூட வா என்று என் கையைப் பிடித்தார், போனேன். டாக்சியில் பெட்டி என் மடியில் இருந்தது. உள்ளே அந்தப் பூனை மூச்சு விடுவது என் தொடையில் தெரிந்தது.

டாக்டர் அதைத் தொடுவதற்கு முன்பே ஆக்சிஜன் கூண்டுக்குள் வைத்தார். பதற்றம் அடங்கிய பிறகுதான் மெல்லத் தூக்கி, விலா நடுவே ஊசியை இறக்கினார். தேன்போல இழுபட்ட மஞ்சள் நீர் குழாய் குழாயாக வந்தது. நீரை எடுக்க எடுக்க மூச்சு அடங்கியது, என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த நீர்தான் கெட்ட செய்தி. பூனைகளிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ், மிகச் சிலவற்றில் உருமாறி எஃப்ஐபி என்ற நோயாகிவிடும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் இருக்கும் பூனைகளுக்குத்தான் வரும். அன்று அதற்கு மருந்தே கிடையாது. வலிக்காமல் அனுப்பிவிடச் சொன்னார் மக்சிக். கைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக நீவி மேசைமேல் வைத்தார். ஏன் இவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு அவர்தான் எனக்கு இந்த ஊர். மலாய் அவரிடம் கற்றேன். இன்று மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசுவேன், அண்டை வீட்டுச் சீனக் கிழவர் ஹொக்கியனில் என்னிடம் நலம் விசாரிப்பார். எத்தனையோ வருடம் இங்கே இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாத நம்மவர்கள் உண்டு. சனிக்கிழமை தமிழ் நண்பர் வீடு, ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலை, அத்தோடு சரி. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். நடுராத்திரியில் பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் அதே மாடியில் இருக்க வேண்டும்.

எஃப்ஐபி என்ற பெயரை டாக்டர் சொன்னால் இடிந்துபோய்விட வேண்டாம். 2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பீடர்சன் குழுவினர் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார்கள். சாவு நிச்சயம் என்றிருந்த நோயில் பெரும்பாலானவை பிழைத்தன. பொதுவாக 12 வாரம், 84 நாள், ஒரு நாளும் விடாமல் கொடுக்க வேண்டிய மருந்து. எடை ஏற ஏற அளவும் மாறும். அதனால் நோய் உறுதியாகாமல், யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கி நீங்களாகத் தொடங்க வேண்டாம். டாக்டர் மேற்பார்வையில் செய்யுங்கள். மக்சிக் இருந்திருந்தால் இதைக் கேட்டு அழுதிருப்பார்.

மற்றதெல்லாம் ஓடிப்போகாது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம். மைக்ரோசிப் பொருத்தி உரிமம் எடுக்க வேண்டும், ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். உரிமம் எங்கே என்று கேட்டு மூச்சுத் திணறும் பூனையை எந்த டாக்டரும் திருப்பி அனுப்ப மாட்டார். ஜன்னலுக்கு வலை போடுங்கள். திருச்சிக்குக் கொண்டுபோவதை அது தேறி எழுந்த பிறகு பேசலாம்.

வீட்டுக்காரரிடம் நாளையே நேரில் சொல்லிவிடுங்கள், பெட்டியோடு போய் வருவதை யாராவது பார்த்துச் சொல்வதற்கு முன்னால். ஒத்துவரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். ஈசூன் பக்கம் பூனைக்குச் சம்மதிக்கும் இரண்டு வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும், ஒருவர் வீட்டில் அடுத்த மாதம் அறை காலியாகிறது.