ஏஐ உதவியாளருக்கு இணையத் தேடல் கருவியை இணைப்பது என்றால் என்ன?

ஏஐ மாடலின் (உதவியாளருக்குள் இருந்து பதில் எழுதும் மென்பொருள்) அறிவு அதன் பயிற்சிக்குத் திரட்டிய தகவல்களின் தேதியோடு நின்றுவிடும், நேற்று நடந்தது அதற்குத் தெரியாது. அதற்குத்தான் தேடல் கருவி. ஆனால் மாடல் தானாக இணையத்துக்குப் போவதில்லை. இடத்தை விட்டு எழ முடியாத அறிஞர் சீட்டில் எழுதித் தர, நீங்கள் நூலகத்துக்குப் போய்ப் பக்கங்களை எடுத்து வந்து கொடுப்பது போலத்தான்: தேட வேண்டிய சொற்களை அது எழுதித் தரும், உங்கள் புரோகிராம் ஏபிஐ சாவியோடு (தேடுபொறிச் சேவையைப் பயன்படுத்த உங்களுக்குத் தரப்படும் ரகசியக் குறியீடு) தேடுபொறியைக் கேட்டு, தலைப்பு, முகவரி, சிறு பகுதி எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்கும், அப்புறம் அதைப் படித்து அது பதில் சொல்லும்.

கருவியை இணைக்கும்போது அதற்கு நீங்கள் எழுதும் விளக்கத்தில்தான் உண்மையில் கவனம் வேண்டும்; அதைப் படித்துத்தான் எப்போது தேடுவது என்று மாடல் முடிவு செய்யும். வெறுமனே "தேடும்" என்று போடாமல், "விலை, செய்தி போல மாறக்கூடியவற்றுக்குப் பயன்படுத்து" என்று எழுதுங்கள்.

தேடியதை மாடல் கற்றுக்கொண்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, அந்த முடிவுகள் அந்த உரையாடலுக்கு மட்டும்தான்.