முப்பத்தொன்பது வயதில் தொடங்கிய தும்மல்

கேள்வி: எனக்கு வயது 39. ஆசிரியையாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம். மூன்று வருடம் முன்பு கோவைக்குக் குடிவந்தோம். போன ஐப்பசியிலிருந்து காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல் வரிசையாக வருகிறது. மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது. கண்ணும் அண்ணமும் அரிக்கின்றன. காய்ச்சல் இல்லை. பத்து மணிக்கு மேல் ஓய்ந்துவிடும். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது நன்றாகக் குறைந்தது. திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பம். ஈரத் தலையோடு நிற்பதுதான் காரணம் என்கிறார் மாமியார். இத்தனை வருடம் இல்லாதது இப்போது ஏன்? எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? செட்ரிசின் போட்டால் நிற்கிறது, ஆனால் வகுப்பில் கண் சொக்குகிறது. எட்டு வயது மகளும் இப்போது அடிக்கடி மூக்கைத் தேய்க்கிறாள்.

— வாசகி, கோவை

பதில்: முதலில் மாமியார் சொன்னதை விட்டுவிடலாம். ஈரத் தலையால் இப்படி மாதக்கணக்கில் தும்மல் வராது. சாதாரணச் சளி என்றால் ஒரு வாரம், பத்து நாளில் போயிருக்கும். கண்ணும் அண்ணமும் இப்படி அரிக்காது. அந்த அரிப்பை நீங்கள் எழுதியிருப்பதால்தான் இது ஒவ்வாமை என்று ஓரளவு தைரியமாகச் சொல்கிறேன்.

எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. அது ஆளைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டது. தூசு, மகரந்தம் போன்ற தீங்கில்லாத ஒன்றை எதிரி என்று எடுத்துக்கொண்டு, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்தத் தூசு மூக்குக்குள் போனதும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் உடம்பில் வெளியாகிறது. தும்மல், ஒழுகல், அரிப்பு எல்லாம் அதன் வேலை. இந்தத் தயாரிப்பு ஒரே நாளில் நடப்பதில்லை. புது ஊருக்குப் போனவர்களுக்கு அங்குள்ள செடி, தூசுகளோடு இரண்டு மூன்று பருவம் பழகிய பிறகே ஒவ்வாமை தலைகாட்டுவது உண்டு. அதனால் 39 வயதில் வந்ததில் அதிசயம் இல்லை. ஐம்பதில்கூட வரும்.

சரி, எதனால்? உங்கள் கடிதத்தில் இரண்டு துப்பு இருக்கிறது. படுக்கையை விட்டு எழும் நேரத்தில் தொடங்கி, பத்து மணிக்கு ஓய்கிறது. இது மெத்தையைச் சந்தேகிக்க வைக்கிறது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகளின் கழிவுதான் வீட்டுத் தூசு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். அம்மா வீட்டில் எதில் படுத்தீர்கள்? தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தால் என் சந்தேகம் இன்னும் கூடும். இரண்டாவது, ஐப்பசியில் தொடங்கியது. மழைக்குப் பிறகு காலி மனைகளில் பார்த்தீனியம் மண்டி, வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். உங்கள் தெருவில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மகரந்தம் மூக்கையும் படுத்தும், கை பட்டால் தோலையும் படுத்தும். வெறுங்கையால் பிடுங்கப் போகாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எப்போது தும்மினீர்கள், அதற்கு முன் என்ன செய்தீர்கள், பெருக்கினீர்களா, சாம்பிராணி போட்டீர்களா, கொசுவத்தி எரிந்ததா. புகை ஒவ்வாமையை உண்டாக்காவிட்டாலும் ஏற்கெனவே புண்பட்ட மூக்கைக் கிளறிவிடும். மஞ்சள் புகை பிடிப்பதையும் இந்தக் காரணத்துக்காகவே வேண்டாம் என்கிறேன்.

உறைகளையும் போர்வையையும் வாரம் ஒரு முறை நல்ல சூட்டுத் தண்ணீரில், 60 டிகிரி அளவில், துவையுங்கள். மெத்தையை வெயிலில் காயப் போடுங்கள், தட்டுவதை வேறு யாராவது செய்யட்டும். துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி.

மருந்துக்கு வருகிறேன். செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். மாத்திரை போட்டுவிட்டு ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் போன்றவற்றில் தூக்கம் மிகக் குறைவு. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தினமும் தொல்லை தருகிற மூக்குக்கு மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான் நன்றாகக் கேட்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உடம்பில் சேரும் அளவு மிகக் குறைவு. ஒரே நாளில் பலன் எதிர்பார்த்து நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் தவறு. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். அப்போதுதான் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகப் போகும்.

இரண்டைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். விட்டதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். "ஒரு ஊசி போட்டால் மூன்று மாதம் வராது" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் அது உடம்பு முழுக்கப் பரவும் ஸ்டீராய்டு. தும்மலுக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நல்லது, ஆனால் கொதித்து ஆறிய நீரில் மட்டும்.

இதையெல்லாம் செய்தும் குறையாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தோல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பார்கள், எது உங்களுக்கு ஒவ்வாது என்று இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசினை நிறுத்த வேண்டும். மூச்சு இழுப்பு, இரவு இருமல், ஒரே பக்கம் மட்டும் ஒழுகல் அல்லது ரத்தம் என்று ஏதாவது இருந்தால் இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

அப்புறம், போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இது குடும்பத்தில் தொடர்வது உண்டு. அவள் மூக்கின் மேல், நுனிக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு கோடு விழுந்திருக்கிறதா என்று இன்றைக்கே வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து விழும் கோடு அது. இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள்.