சருகு, மட்டை, கொல்லைக் குப்பை: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: வீட்டைச் சுற்றி நாலு தென்னை, ஒரு வேம்பு, ஒரு நாட்டு வாதாம். மாசி பிறந்தால் காலையில் கூட்டிய இடம் மத்தியானத்துக்குள் மூடிவிடுகிறது. கூட்ட வந்துகொண்டிருந்த அம்மா வயதாகி நின்றுவிட்டார். எனக்கு 61 வயது, முட்டிவலி வேறு. சருகைக் காற்றால் ஊதித் தள்ளும் லீஃப் ப்ளோயர் வாங்கினால் வேலை பாதியாகிவிடும் என்கிறான் மகன். ஆன்லைனில் 1,500 ரூபாயிலிருந்து 20,000 வரை காட்டுகிறது. எதை வாங்குவது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: ப்ளோயரை அப்புறம் பார்ப்போம். நாளைக்குக் கூட்டும்போது கொஞ்சம் கடிகாரத்தைக் கவனியுங்கள். கூட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். குவித்ததைக் குனிந்து அள்ளி, சட்டியில் திணித்து, கொல்லை மூலைவரை சுமந்து கொட்டிவிட்டுத் திரும்பி வருவதில்தான் பொழுது போகும். முட்டியும் அங்கேதான் போகிறது. ப்ளோயர் கூட்டும் வேலையை மட்டும்தான் குறைக்கும். அள்ளுவதும் சுமப்பதும் அப்படியே உங்கள் தலையில்தான்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஒரு தார்ப்பாய். 6க்கு 8 அடி போதும். தரையில் விரித்து, சருகை நேராக அதன் மேலேயே கூட்டித் தள்ளுங்கள். நாலு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து இழுத்துப் போக வேண்டியதுதான். முறத்துக்கும் சட்டிக்கும் வேலையில்லை. மட்டையையும் இதன் மேல் போட்டே இழுக்கலாம். அடிமட்டை உங்கள் பக்கம் இருக்கும்படி அடுக்குங்கள்; ஓலை பின்னோக்கிப் படிந்து வரும், செடியில் மாட்டாது. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு செடியாகப் பிடித்திழுக்கும்.

தார்ப்பாயில் ஏமாற்று அதிகம். தடிமனை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அது. தரையில் இழுக்க 150க்குக் குறையாமல் வேண்டும், 200 இருந்தால் நல்லது. அட்டையில் 200 என்று அச்சடித்துவிட்டு உள்ளே பாதிகூட இல்லாத சரக்கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். 6க்கு 8 அடி என்பது கிட்டத்தட்ட நாலரை சதுர மீட்டர். உண்மையிலேயே 200 ஜிஎஸ்எம் என்றால் எடை 890 கிராம் அளவில் வரவேண்டும். 500 கிராம் காட்டினால் வந்திருப்பது 110தான். அன்றைக்கே படம் எடுத்து, திருப்பி அனுப்புங்கள். பாலித்தீன் தார்ப்பாய்க்கென்று ஐஎஸ் 7903 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அந்த எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ளதைக் கடையில் கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஓரத்துக் கண்களில் துருப்பிடிக்காத வளையம் இருக்கிறதா, ஓரம் மடித்துக் கயிறு வைத்து ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இரண்டாவது, நீளக் கம்பு கட்டிய ஈர்க்குமாறு. தெரு கூட்டும் துப்புரவுப் பணியாளர் கையில் இருப்பதேதான். நிமிர்ந்து நின்று கூட்டலாம். மண் தரைக்கு இதை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. புல்தரையோ ஜல்லி பரப்பிய இடமோ இருந்தால் மட்டும் விசிறியாக விரியும் பல் வைத்த ரேக் வாங்குங்கள். விளம்பரப் படத்தில் கம்பு இருக்கும், பெட்டியில் வெறும் தலை மட்டும் வரும். ‘கைப்பிடி தனி’ என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இப்போது ப்ளோயர். 1,500, 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிற 600, 700 வாட் சாதனம் கம்ப்யூட்டர், ஏசி, பட்டறை மெஷின் ஆகியவற்றின் தூசி ஊதுவதற்கு. நிமிடத்துக்குச் சுமார் 3, 4 கனமீட்டர் காற்றுதான் தள்ளும். வேப்பஞ்சருகு பறக்கும். பனியில் நனைந்த வாதாம் இலை அசையாது. தோட்டத்துக்கென்றே வருபவை 10 கனமீட்டருக்கு மேல் தரும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆர்பிஎம்மைப் பார்த்து மயங்காதீர்கள். அது மோட்டார் சுற்றும் வேகம், எவ்வளவு காற்று வரும் என்பதை அது சொல்லாது. சிமென்ட் தளமோ பேவர் பிளாக்கோ நிறைய இருந்தால் ப்ளோயருக்கு வேலை இருக்கிறது. மண் முற்றம் என்றால் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணிதான் முதலில் சண்டைக்கு வரும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மருமகன் வரும்போது பேட்டரி ப்ளோயர் வாங்கி வருகிறேன் என்கிறார். அங்கே விலை மலிவாம். வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: முதல் சிக்கல் விமானத்தில். பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வாட்-ஹவர் வரும். 100 வரை தடையில்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுவர முடியாது. 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 72, கவலையில்லை. தோட்டத்துக்கான பெரிய 56 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 280. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது.

அடுத்தது சார்ஜர். அதன் முதுகில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய கணமே போய்விடும். 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். எல்லாம் சரியாக வந்தாலும் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்தால் அதே மாடல் இங்கே கிடைக்குமா என்பதும் சந்தேகம். மருமகனிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

கேள்வி: மட்டை, கிளை எல்லாவற்றையும் தூளாக்கும் ஷ்ரெட்டர் 25,000 ரூபாய்க்குப் பார்த்தோம். தென்னை ஆறு, மா இரண்டு. வாங்கலாமா? இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி கொளுத்திவிட வேண்டியதுதானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வீட்டு உபயோக ஷ்ரெட்டர் 2,000 முதல் 2,500 வாட்வரை இருக்கும். மா, கொய்யா கவாத்துக் கிளைகளை நன்றாகவே நறுக்கும், அதுவும் 40 மில்லிமீட்டர் கனம்வரைதான். தென்னை மட்டையின் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, நாரைக் கத்தியால் அறுத்து எடுத்து, மறுபடி ஓட்டி... அந்த நேரத்தில் அரிவாளால் வெட்டியே போட்டிருக்கலாம். கடைக்காரர் காய்ந்த குச்சியைப் போட்டுத்தான் காட்டுவார். நீங்கள் ஒரு மட்டையைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னால் போடச் சொல்லுங்கள். அப்படியும் வாங்குவதென்றால் 15 ஆம்ப் பவர் பிளக்கில்தான் ஓட்ட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி உருகும்.

தென்னை ஒன்றுக்கு வருடத்தில் பன்னிரண்டு மட்டையாவது விழும். ஆறு மரத்துக்கு எழுபதுக்கு மேல். இதை அப்புறப்படுத்தியே ஆகவேண்டும் என்று நினைப்பதில்தான் தொல்லை. துண்டாக வெட்டி, மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்தில் பாத்தி எடுத்து அதிலேயே பரப்புங்கள். ஈரம் காக்கும், களை அடங்கும். விழுந்த இடத்திலேயே குப்பைக்குப் போக்கிடம் கிடைத்துவிடுகிறது, சுமக்கும் வேலையும் இல்லை.

சருகுக்கும் இதே யோசனைதான். 3 அடி உயரக் கோழிவலை 10 அடி வாங்கி வளைத்துக் கட்டினால் 3 அடி அகலக் கூண்டு. அதைக் கொல்லைக் கடைசியில் வைக்காமல் அதிகம் கொட்டுகிற மரத்தடியிலேயே வையுங்கள். ஒரு சாண் சருகு, மேலே சாணிக் கரைசலோ புளித்த மோரோ, கொஞ்சம் பச்சைக் கழிவு என்று அடுக்கி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதத்தில் மக்கிவிடும். மா இலை கொஞ்சம் அடம்பிடிக்கும். தென்னை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: காண்டாமிருக வண்டு முட்டையிடுவது இப்படிப்பட்ட மக்குக் குழியிலும் எருக்குழியிலும்தான். மாதம் ஒருமுறை கிளறி, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த புழுக்களைப் பொறுக்கிவிடுங்கள். குவியலில் கைவிடும் முன் கம்பால் ஒரு தட்டு தட்டுங்கள், தேள் பூரான் இருக்கும். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் போடுங்கள், தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு.

கொளுத்துவது வேண்டவே வேண்டாம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்துவைத்து உள்ளாட்சி சொல்கிறபடி அப்புறப்படுத்தச் சொல்லின. அதே வருடம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 என்று அபராதம் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு வாங்கிய ப்ளோயர் ஐந்தாம் நாள் கருகிய வாடை வந்து நின்றுவிட்டது. ‘பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினீர்கள், வாரண்டி கிடையாது’ என்கிறார் விற்றவர்.
– வாசகி, மதுரை

பதில்: சின்ன மோட்டார்கள் சிலவற்றுக்கு இடையில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது உண்மை. அதை வாங்கும் முன் உங்களுக்குச் சொன்னார்களா என்பதே கேள்வி. விற்பனைப் பக்கத்திலும் கூடவே வந்த கையேட்டிலும் அந்த வரி இருக்கிறதா பாருங்கள், இரண்டையும் இன்றே படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தை நாளை மாற்றிவிடலாம். ‘தோட்டம் முழுவதும் சுத்தம் செய்யும்’ என்று விளம்பரம் போட்டுவிட்டு, பத்து நிமிடக் கணக்கைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளித்திருந்தால் வழக்கு உங்கள் பக்கம் பலம்.

தொலைபேசியில் வாதாட வேண்டாம். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்ற ஒப்புதலும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே புகார் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை மெஷினைத் தெருவோர மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்க விடாதீர்கள். ஸ்க்ரூ கழன்றிருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.