வியாழக்கிழமை கிளினிக் வரை பொறுக்கலாமா?

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்தவற்றில் பாதிக்கு மேல் பிள்ளைத் துடிப்பு பற்றிய கேள்விகள். எங்கள் ஊரில் வயிற்றில் பிள்ளை அசைவதையும் துடிப்பு என்போம், இதயம் அடிப்பதையும் துடிப்பு என்போம். குழப்பம் வேண்டாம் என்று முந்தியதை இங்கே அசைவு என்றே எழுதுகிறேன்.

எனக்கு 36 வாரம். இரண்டு நாளாக அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது. “பிள்ளை கீழே இறங்குது, இடம் காணாமல் அடங்கிக் கிடக்கு” என்கிறா அம்மம்மா. வியாழக்கிழமை கிளினிக் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா? (கொக்குவில்)

இவருக்கு அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன்: பொறுக்க வேண்டாம், இப்போதே வைத்தியசாலைக்கு வெளிக்கிடுங்கள். மற்றவர்களுக்காகக் காரணத்தையும் சொல்கிறேன்.

அம்மம்மா சொன்னதைத்தான் யாழ்ப்பாணத்தில் எல்லா அம்மம்மாக்களும் சொல்கிறார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் பிழை. அசைவு ஏறத்தாழ 32 வாரம் வரை கூடிக்கொண்டு போகும், அதன் பின் அதே அளவில் நிற்கும். இடம் நெருக்கமாவதால் உதை குறைந்து, உருளுவதும் தள்ளுவதும் கூடலாம். அசைவின் விதம்தான் மாறும். பிள்ளை அடங்கிவிடாது. பிரசவ வலி தொடங்கும் வரை, தொடங்கிய பின்னும், அது அசைய வேண்டும்.

கருப்பையில் ஒட்டியிருந்து பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கும் நச்சுக்கொடி வழியாக வரும் ஒட்சிசன் குறைந்தால் பிள்ளை முதலில் செய்வது செலவைக் குறைப்பது. கை காலை ஆட்டாமல் இருந்து மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். வெளியில் இருக்கும் நமக்கு அது தரும் சைகை அந்த அமைதி ஒன்றுதான்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு தடவை அசைவு குறைந்தது என்று வரும் பெண்களில் 100க்கு 70 பேரளவில் எந்தச் சிக்கலும் இல்லாமல் பெற்றுக்கொள்கிறார்கள். மறுபக்கம், வயிற்றிலேயே பிள்ளையை இழந்த தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன் அசைவு குறைந்ததை உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

வைத்தியசாலை வாட்டில் முதலில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பார்கள். பிறகு வயிற்றில் பட்டி கட்டி, குறைந்தது 20 நிமிடம் சி.டி.ஜி. (பிள்ளையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் சோதனை) எடுப்பார்கள். தேவையென்றால் ஸ்கான். எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்பிய பின் திரும்பவும் குறைந்தால் திரும்பவும் போங்கள். “நேற்றும் வந்தனீங்கள்தானே” என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இரண்டாம் தடவை வருபவரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் மருத்துவம்.

ஒரு நாளைக்கு எத்தனை அசைவு இருக்க வேண்டும்? தங்கச்சியின் பிள்ளை ஓயாமல் உதைக்கிறது, என்னுடையது அவ்வளவு இல்லை. (சங்கானை)

எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. பத்து வரை எண்ணும் முறை 1970களில் பிரித்தானியாவின் கார்டிஃப் நகரில் தொடங்கியது. 12 மணி நேரத்தில் பத்து அசைவு என்பது அதன் கணக்கு. கிளினிக்கில் அட்டவணை தந்திருந்தால் நிரப்புங்கள். ஆனால் தினமும் பின்னேரத்துக்குள் முப்பது அசைவு காட்டும் பிள்ளை இன்றைக்குப் பத்தோடு நின்றால், அட்டவணை சரி என்றாலும் எனக்கு அது சரியில்லை. தங்கச்சியின் பிள்ளையை விடுங்கள். உங்கள் பிள்ளையின் நேற்றைய நாளோடு இன்றைய நாளை ஒப்பிடுங்கள்.

28 வாரத்துக்குப் பின் சந்தேகம் வந்தால், இடது பக்கம் சரிந்து படுத்து, போனைத் தூர வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கவனியுங்கள். பத்து அசைவு தெரியாவிட்டால் ஓட்டோவைக் கூப்பிடுங்கள். அசைவே இல்லையென்றால் இரண்டு மணி நேரமும் வேண்டாம். விக்கலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நல்லூர்த் தேருக்குப் போய் நாள் முழுக்க நின்றேன். அன்றைக்கு அசைவே தெரியவில்லை. இரவு படுத்ததும் நன்றாக உதைத்தது.

கூட்டத்திலும் வெயிலிலும் மனம் வேறு பக்கம் இருந்திருக்கும். பிள்ளை 20 முதல் 40 நிமிடம் வரை தூங்கும். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. பின்னேரமும் இரவும் அசைவு கூடுவது வழக்கம்தான். ஆகவே பயமில்லை. அடுத்த முறை தேர் பார்க்கும்போது ஒரு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், அப்புறம் கும்பிடலாம்.

குளிர்ந்த நெல்லிரசம் குடித்தால் பிள்ளை அசையும் என்கிறார்களே?

தாகத்துக்குக் குடியுங்கள். சோதனையாகக் குடிக்காதீர்கள். இனிப்பும் ஐஸும் அசைவைக் கூட்டும் என்று நம்பி இன்னொரு கிளாஸ், இன்னொரு மணி நேரம் என்று போவதில்தான் ஆபத்து.

தலைப்பிள்ளை, 21 வாரம். நச்சுக்கொடி முன்பக்கம் என்று ஸ்கானில் சொன்னார்கள். அசைவு சரியாகத் தெரியவில்லை. (மானிப்பாய்)

தலைப்பிள்ளையின் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் தெரியும். முன்பக்க நச்சுக்கொடி ஒரு தலையணை போல நடுவில் இருப்பதால் இன்னும் பிந்தலாம். 24 வாரத்திலும் ஒன்றும் தெரியாவிட்டால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். 28க்குப் பின் நச்சுக்கொடி முன்னால் என்பதைச் சாட்டாக வைக்காதீர்கள்.

மனைவியின் பயத்தைப் போக்க, வீட்டிலேயே இதயத் துடிப்புக் கேட்கும் கருவி ஒன்றை ஒன்லைனில் வாங்கலாமா?

வாங்காதீர்கள். தாயின் இரத்தக் குழாய்ச் சத்தத்தையே பிள்ளையின் இதயம் என்று நினைத்து ஏமாறலாம். உண்மையாகவே பிள்ளையின் துடிப்பு கேட்டாலும் அந்த நிமிடம் இதயம் அடிக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். களைத்த பிள்ளைக்கும் இதயம் அடிக்கும். அந்தச் சத்தத்தை நம்பி வீட்டில் இருந்துவிடுவீர்கள் என்பதுதான் என் பயம். அந்தக் காசை ஓட்டோவுக்கு எடுத்து வையுங்கள்.

நிமிர்ந்து படுத்தால் கூடாதா?

28 வாரத்துக்குப் பின் சரிந்தே நித்திரைக்குப் போங்கள், இடமோ வலமோ. இடையில் விழிக்கும்போது நிமிர்ந்து கிடந்தால் திரும்பிப் படுங்கள், அவ்வளவுதான்.

நாங்கள் நெடுந்தீவில் இருக்கிறோம். இரவில் இப்படி நடந்தால் என்ன செய்வது?

யாழ்ப்பாண நகரில் இருப்பவருக்கு நான் சொல்லும் பதில் உங்களுக்குப் போதாது. அவர் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். உங்களுக்கு நடுவில் கடல் இருக்கிறது. இரவென்றால் விடியும் வரை பார்க்காமல் தீவு வைத்தியசாலைக்குப் போய்ச் சொல்லுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அனுப்பும் ஏற்பாட்டை அவர்களே செய்ய வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தரின் போன் இலக்கம் வீட்டில் எல்லாரிடமும் இருக்கட்டும். கடைசி வாரங்களில் இக்கரையில் சொந்தக்காரர் வீட்டில் வந்து நிற்க முடிந்தால் வந்து நில்லுங்கள். முடியாவிட்டால் உங்கள் அசைவுக் கணக்கை மத்தியானமே பாருங்கள். சந்தேகமென்றால் பின்னேரப் படகை விடாதீர்கள்.