படுத்தால் சுரீர், எழுந்தால் ஒன்றுமில்லை: தண்டுவட ஸ்டிமுலேட்டரில் கோளாறா?

கேள்வி: முதுகு ஆபரேஷன் செய்தும் வலது கால் வலி விடாததால் மூன்று மாதத்துக்கு முன்பு தண்டுவட ஸ்டிமுலேட்டர் (தண்டுவடத்துக்கு லேசான மின்சாரம் பாய்ச்சி வலியைக் குறைக்கும் கருவி) பொருத்திக்கொண்டேன். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மல்லாந்து படுத்தால் காலில் சுரீர் என்று ஏறுகிறது, எழுந்து நின்றால் கருவி ஓடுவதே தெரியவில்லை. பழுதாகிவிட்டதா? இன்னொன்று, தோள்பட்டை வலிக்காக பிசியோதெரபிக்குப் போகிறேன், அங்கே டயாதெர்மி (உடலுக்குள் ஆழமாகச் சூடேற்றும் சிகிச்சை) வைக்கலாம் என்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்குத்தான் அவசரம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டயாதெர்மி கூடவே கூடாது. வலி தோளில், கருவி இடுப்பில், நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறதே என்று தோன்றும். ஷார்ட்வேவ், மைக்ரோவேவ், சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்ட் என்று எந்த வகையாக இருந்தாலும் அந்த ஆற்றல் உள்ளே இருக்கும் கம்பி வழியாக ஓடி அதன் நுனியில் மின்சாரம் பாய்ச்சும் மின்முனைகளைச் சூடாக்கிவிடக்கூடும், அந்த மின்முனைகள் இருப்பதோ தண்டுவடத்தை ஒட்டி. அங்கே திசு வெந்துபோனால் நிரந்தரப் பாதிப்பு, உயிருக்கே ஆபத்து வரலாம். ரிமோட்டில் அணைத்துவிட்டு வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள், அதுவும் முடியாது, கருவியை அணைத்தாலும் கம்பி உள்ளேதானே இருக்கிறது. தோளுக்கான பயிற்சிகளை, பொருத்திய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாராளமாகச் செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் உங்கள் கருவி அட்டையைக் காட்டி, பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த முறை வேறொருவர் பணியில் இருக்கலாம்.

சரி, இப்போது அந்தச் சுரீர். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பழுது போலத் தெரியவில்லை. தண்டுவடம் முதுகெலும்புக்குள் நீர் சூழ மிதந்துகொண்டிருக்கிறது, மின்முனைகள் அதன் பின்பக்கம், அதைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே இருக்கின்றன. மல்லாந்து படுக்கும்போது தண்டுவடம் பின்னால் சரிந்து மின்முனைகளுக்கு நெருக்கமாக வந்துவிடும், அதே அளவு மின்சாரம் இப்போது பலமாகப் பாயும். நிமிர்ந்து நின்றால் இடைவெளி கூடும், கருவி தரும் மதமதப்பு உணர்வு குறையும். இருமும்போது, தும்மும்போது, சிலருக்குக் கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போது ஒரு நொடி வெட்டி இழுப்பதும் இதே வகைதான். இருமியதும் கம்பி அறுந்துவிட்டதோ என்று பலர் பயந்துபோகிறார்கள், அப்படி நடப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, கட்டிலில் உட்கார்ந்தபடியே ரிமோட்டில் அளவை இரண்டு மூன்று படி இறக்கிவிட்டு அப்புறம் சாய்வது. காலையில் எழுந்து நின்ற பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள், படுத்தபடியே ஏற்ற வேண்டாம். தினமும் இதைச் செய்வது அலுப்புதான், அதனால் அடுத்த சந்திப்பில் படுக்கைக்கு ஒரு புரோகிராம் (முன்கூட்டியே பதிந்து வைக்கும் மின்சார அமைப்பு), நடைக்கு ஒன்று என்று தனித்தனியாக அமைத்துத் தரச் சொல்லுங்கள். சில கருவிகள் நீங்கள் படுத்திருப்பதைத் தாங்களே உணர்ந்து அளவை மாற்றிக்கொள்ளும், உங்களுடையதில் அந்த வசதி இருந்தும் இயக்காமல் விட்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 1967இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தியதிலிருந்து நெடுங்காலம், வலிக்கும் இடத்தின் மேல் மதமதப்பு படர்ந்தால்தான் பலன் என்றே நினைத்தார்கள். இப்போது 10,000 ஹெர்ட்ஸ் அளவில், அல்லது விட்டுவிட்டுக் கொத்தாகப் பாய்ச்சும் முறையில், எந்த உணர்வும் இல்லாமலே வலியைக் குறைக்க முடிகிறது. எல்லாக் கருவியிலும் எல்லா முறையும் கிடைக்காது, எல்லோருக்கும் ஒத்தும் வராது, ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. போகும்போது ஒரு வாரக் குறிப்போடு போங்கள்: எந்த நேரம், எந்த நிலை, எந்த புரோகிராம், எத்தனை அளவு, வலி பத்துக்கு எவ்வளவு. "சில சமயம் சரியாக இருக்கிறது, சில சமயம் இல்லை" என்று மட்டும் சொன்னால் அமைப்பவர் ஊகத்தில்தான் மாற்றுவார்.

கம்பி இடம் மாறியிருக்குமோ என்று எப்போது யோசிக்க வேண்டும்? காலில் இருந்த உணர்வு திடீரென்று விலாவுக்கோ வயிற்றுக்கோ போனால், அல்லது எந்த நிலையிலும் எதுவும் தெரியாமல் போனால். அப்போது ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் சில வாரங்கள் குனியாதே, முறுக்காதே, கையை மேலே தூக்காதே என்று கெடுபிடி செய்ததெல்லாம் கம்பியைச் சுற்றி வடு வளர்ந்து பிடிப்பு உண்டாகும் வரை அது நகராமல் இருக்கத்தான்.

வலி பாதி குறைந்ததைக் குறைவாக நினைக்காதீர்கள். நிரந்தரமாகப் பொருத்தும் முன் செய்யும் தற்காலிகச் சோதனையிலேயே பாதி குறைந்தால் வெற்றி என்றுதான் பொதுவாகக் கணக்கு. மிச்ச வலிக்கான மாத்திரைகளை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்கலாம்.

மதமதப்பு தெரியும் புரோகிராம் ஓடும்போது வண்டி ஓட்டாதீர்கள், அணைத்துவிட்டு ஓட்டுங்கள். எம்ஆர்ஐ என்றால் "இந்தக் கருவிக்கு எடுக்கலாமாம்" என்ற வாய்வார்த்தை போதாது. கருவி, கம்பி இரண்டின் மாடல், எடுக்கப்போகும் உடல் பகுதி, இயந்திரத்தின் காந்த வலிமை எல்லாம் பொருந்துகிறதா என்று ஸ்கேன் எடுப்பவர்கள் சரிபார்த்து, கருவியை எம்ஆர்ஐ நிலைக்கு மாற்றிய பிறகே உள்ளே போக வேண்டும். வேறு எந்த ஆபரேஷன் என்றாலும் திசுவை வெட்டவும் ரத்தத்தை நிறுத்தவும் மின்சூட்டுக் கருவி பயன்படுத்தக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லுங்கள். சார்ஜ் செய்யும் வகை என்றால் தூங்கிக்கொண்டே சார்ஜ் செய்ய வேண்டாம், தோல் சூடேறுவது தெரியாமல் போய்விடும்.

தையல் போட்ட இடம் சிவந்து நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். கால் புதிதாகத் துவண்டாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ, முதுகில் இதுவரை இல்லாத கடும் வலி வந்தாலோ சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாகக் கருவி இருப்பதைச் சொல்லுங்கள்.