கோட்டைச் சுவரில் கல் உருகியது எப்படி?

கேள்வி: ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேலை பார்க்கும் மகனோடு டாப் ஓ நோத் குன்றில் ஏறினோம். உச்சியில் உள்ள பழைய கோட்டைச் சுவரில் கற்கள் பாகுபோல் உருகி ஒட்டிக் கிடக்கின்றன. செங்கல் சுடுவதுபோல, உறுதிக்காகச் சுட்டார்களா? மறுபடி போகும்போது ஒரு துண்டு எடுத்து வரலாமா?

பதில்: எடுக்காதீர்கள். அது சட்டப் பாதுகாப்பில் உள்ள தொல்சின்னம். உதிர்ந்து கிடக்கும் துண்டும் அதில் அடக்கம்.

உறுதிக்காகச் சுட்டார்கள் என்பது பழைய ஊகம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சுட்ட செங்கல் இறுகும். இந்தச் சுவரோ எரிந்ததும் சரிந்துவிடும்.

சாந்து இல்லாமல் அடுக்கிய கல் பிதுங்கிச் சரியாமலிருக்க, உள்ளே மர உத்தரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் கட்டினார்கள். அந்நாளில் ‘கால்’ (Gaul) எனப்பட்ட இன்றைய பிரான்சின் சுவர்களும் ஏறக்குறைய இப்படித்தான். கி.மு. 52இல் அவாரிக்கம் நகரை முற்றுகையிட்ட ரோமத் தளபதி சீசர், அங்கே கல் தீயைத் தடுக்கிறது, மரம் இடிதூணை (சுவரை இடிக்க மோதும் பெரிய மரத்தை) தாங்குகிறது என்று எழுதினார். கால் நாட்டவர் உத்தரங்களுக்கு இடையே மண்ணை அடைத்தார்கள். மண் இறுகிய இடத்தில் காற்று நுழையாது. ஸ்காட்லாந்தில் உள்ளே பெரும்பாலும் சில்லுக்கல்தான், சந்து சந்தாக இருக்கும். ஓர் உத்தரம் எரிந்து தீர்ந்தால் அந்த ஓட்டையே புகைபோக்கி. குன்றுக் காற்று அதற்குள் இழுக்கும், சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். சூளை போலத்தான். வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால், கல்லின் வகையைப் பொறுத்து உருகத் தொடங்கிவிடும்.

1937இல் தொல்லியலாளர் கார்டன் சைல்டும் அவரோடு சேர்ந்து தார்னிகிராஃப்ட் என்பவரும் 12 அடி நீளம், 6 அடி உயரத்துக்கு இதே மாதிரி சுவர் கட்டி, விறகைக் குவித்துக் கொளுத்திப் பார்த்தார்கள். கல் உருகியது.

யார் கொளுத்தியது? அடுப்பிலிருந்து தெறித்த பொறி இவ்வளவு செய்யாது. வண்டி வண்டியாக விறகு வேண்டும். கோட்டையைப் பிடித்தவர்கள், சுற்றுவட்டாரமே பார்க்கட்டும் என்று மூட்டிய தீ என்பதே என் கணிப்பு.

அடுத்த முறை போகும்போது உருகிய கட்டிகளைக் குனிந்து பாருங்கள். தேன்கூடு மாதிரி குமிழ் ஓட்டைகள் இருக்கும். சிலவற்றில் விரல் நுழையும் அளவுக்கு நேரான பள்ளம் தெரிந்தால், அங்கே இருந்த மரத்தின் அச்சு அது. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படமெடுங்கள், அளவு தெரியும்.