புலிக்கு மூன்று கணக்கு: எதை நம்புவது?

கேள்வி: பள்ளி இயற்கை மன்றத்துக்காக, அழியும் நிலையில் உள்ள விலங்குகளைப் பற்றிச் சிறு கையேடு ஒன்று தயாரிக்கிறேன். உலகில் காட்டுப் புலிகள் 3,200 என்கிறது ஒரு கட்டுரை. இன்னொன்றில் 3,890. வேறொன்றில் 5,578. எனக்கு அறிவியல் பின்னணி கிடையாது. எதைப் போடுவது? இதற்கிடையில் ஒருவர், "சரிபார்த்த தரவுத் தொகுப்பு, சான்றிதழோடு தருகிறேன்" என்று கட்டணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த ஆளிடம் பிறகு வருவோம், முதலில் புலி.

மூன்று எண்களில் எதுவும் பொய்யில்லை. 3,200 என்பது 2010-ல் சொல்லப்பட்டது, 3,890 என்பது 2016-ல். 5,578 மட்டும் பாதிக் கணக்கு. ஐயுசிஎன் என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-ல் வெளியிட்ட மதிப்பீடு "3,726 முதல் 5,578 வரை". கட்டுரை எழுதியவர் மேல் எல்லையை எடுத்துக்கொண்டு கீழ் எல்லையை விழுங்கிவிட்டார். அந்த ஆண்டில் "புலிகள் 40 சதவீதம் பெருகின" என்ற தலைப்பும் சுற்றியது. 2015 மதிப்பீட்டைவிட எண் கூடியதற்குக் காரணம் கண்காணிப்பு மேம்பட்டதே என்று ஐயுசிஎன் அதே அறிவிப்பில் சொல்லியிருந்தது. தானியங்கி கேமராக்களைக் கூடுதல் இடங்களில் கட்டினால், முன்பு கணக்கில் வராத புலியும் வந்துவிடும். புலி பெருகியது வேறு, எண்ணுவது சரியானது வேறு.

ஆகவே எந்தத் தளம் நல்ல தளம் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணிடமும் கேட்க வேண்டியது மூன்றுதான்: யார் எண்ணியது, எந்த ஆண்டு, எதை எண்ணியது. இதில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அந்த எண் கையேட்டுக்கு வேண்டாம்.

தொடங்க வேண்டிய இடம், எந்த உயிரினம் எவ்வளவு அழிவு ஆபத்தில் இருக்கிறது என்று வகைப்படுத்தும் ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியல். பார்க்கக் காசில்லை. தேடும் கட்டத்தில் விலங்கின் அறிவியல் பெயரை இடுங்கள். பொதுப்பெயரில் தேடினால் வேறு விலங்கின் பக்கத்துக்குப் போய்விட வாய்ப்புண்டு. பக்கம் திறந்ததும் ஆபத்து வகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், மதிப்பிட்ட தேதியையும் பாருங்கள். பத்தாண்டு தாண்டிய மதிப்பீடுகள் இன்னும் நிறையவே கிடக்கின்றன. "புதுப்பிக்க வேண்டும்" என்ற குறிப்பை ஒட்டிவிட்டு அப்படியே விட்டுவைப்பது எந்த நியாயம் என்று புரியவில்லை. ஆனால் அதைவிட நல்ல பட்டியல் வேறு இல்லை.

அதே பக்கத்தில் கீழே இறங்கினால் நான்காவதாக ஓர் எண் வரும். புலிக்கு அது 2,608 முதல் 3,905 வரை. பதற வேண்டாம். இனப்பெருக்கத்துக்குத் தகுதியான வளர்ந்த விலங்குகளை மட்டும் எண்ணிய கணக்கு அது, குட்டிகள் அதில் சேராது. ஆக, உங்கள் கையேட்டில் இப்படிப் போடுங்கள்: "காட்டில் 3,726 முதல் 5,578 வரை, ஐயுசிஎன் மதிப்பீடு, 2022." இரண்டு எல்லையும் ஆண்டும் கட்டாயம் இருக்கட்டும்.

ஒரே ஒரு விலங்குக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் கையேட்டில் ஆப்பிரிக்க யானை நிச்சயம் இருக்கும். அதை 2008-ல் ஒரே இனமாக வைத்து "அழிவாய்ப்பு இனம்" என்று பட்டியலிட்டார்கள். 2021-ல் இரண்டாகப் பிரித்தார்கள்: புல்வெளி யானை அதைவிட ஆபத்தான "அருகிய இனம்", அடர்காட்டில் வாழும் காட்டு யானை அதற்கும் மேலான "மிக அருகிய இனம்". 2015-ல் எழுதிய கட்டுரை அன்றைக்குச் சரி, இன்று அதை நகலெடுத்தால் தவறு. இன்னொன்று, கண்டத்தில் சுமார் 4,15,000 யானைகள் என்று படிப்பீர்கள். அது இரண்டு இனத்தையும் சேர்த்த கணக்கு. அதைத் தூக்கிக் காட்டு யானை என்ற தலைப்பின் கீழ் போட்டுவிட்டால், 31 ஆண்டுகளில் 86 சதவீதத்துக்கு மேல் சரிந்த ஓர் இனம் செழிப்பாக இருப்பதுபோலத் தோன்றும். வகை மாறிய ஆண்டிலேயே சரிவு நடந்தது என்றும் எழுதக் கூடாது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுச் சரிவு, இனங்களைப் பிரித்துப் பார்த்ததும் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"1970 முதல் உலக வனவிலங்குகளில் 73 சதவீதம் அழிந்துவிட்டன" என்ற வரியும் உங்கள் கண்ணில் படும். எழுதிவிடாதீர்கள். உலக இயற்கை நிதியம் (WWF) 2024-ல் வெளியிட்ட லிவிங் பிளானட் அறிக்கை சொல்வது, கண்காணிக்கப்பட்ட முதுகெலும்பிக் கூட்டங்களின் அளவில் 2020 வரையிலான சராசரிச் சரிவு 73 சதவீதம் என்பது. ஒரு கூட்டத்தில் 10 விலங்குகள் 1 ஆகின்றன: 90 சதவீதச் சரிவு. இன்னொன்றில் 1,000 அப்படியே இருக்கின்றன: சரிவு இல்லை. சராசரி 45 சதவீதம். ஆனால் மொத்தம் 1,010-ல் போனவை ஒன்பதே ஒன்பது. உண்மையான கணக்குமுறை இதைவிடச் சிக்கலானது. சராசரிச் சரிவும் மொத்த இழப்பும் ஒன்றல்ல என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இனி அந்தச் "சான்றிதழ்" ஆள். இப்படிப்பட்ட தொகுப்பில் பெரும்பாலும் இருப்பது, இலவசமாகக் கிடைக்கும் பட்டியல்களிலிருந்து நகலெடுத்த ஓர் அட்டவணை. நகலெடுக்கும்போது முதலில் காணாமல் போவது மதிப்பிட்ட ஆண்டு. எந்த உயிரினம் எங்கே பதிவாகியிருக்கிறது என்ற தரவை ஜிபிஐஎஃப் (GBIF) என்ற பன்னாட்டுத் தரவுத் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், இறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கொடுப்பார்கள். உங்களுக்குத் தேவையான சான்று அதுதான், முத்திரை குத்திய காகிதம் அல்ல. அதோடு, சிவப்புப் பட்டியல் தரவை அனுமதியின்றி விற்கக் கூடாது. "அனுமதிக் கடிதம் காட்டுங்கள்" என்று அவரிடம் கேளுங்கள், அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

இதேபோல "குட்டியைத் தத்தெடுங்கள், மாணவர்களை அழைத்து வாருங்கள்" என்றும் சிலர் வருவார்கள். புலிக்குட்டியையோ சிங்கக்குட்டியையோ மடியில் வைத்துப் படமெடுக்க விடும் இடம், வாசலில் என்ன பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும், மறுவாழ்வு மையம் இல்லை. அப்படிப்பட்ட இடங்களின் முகவரியைத் தப்பித்தவறியும் கையேட்டில் சேர்க்காதீர்கள்.

படங்களிலும் கவனம் வேண்டும். 2020-ல் வெனிஸ் கால்வாயில் டால்பின் என்று உலகமே பகிர்ந்த காட்சி இத்தாலியின் சார்டினியா தீவில் எடுத்தது. படத்தை வைத்தே தேடும் வசதியில் போட்டு, அது முதலில் எங்கே வெளியானது என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் ஆய்வுக் கட்டுரைப் பெயர்களையும் அப்படியே எடுக்க வேண்டாம். டிஓஐ எண்ணைத் தேடலில் ஒட்டுங்கள். எதுவும் திறக்காவிட்டாலோ வேறு கட்டுரை திறந்தாலோ, கொடுத்த குறிப்பு பெரும்பாலும் புனைவு.

சரியான கட்டுரையைக் கண்டுபிடித்தபின் கட்டணக் கதவு குறுக்கே நிற்கும். பொதுமக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்கப் பொதுமக்களிடமே காசு கேட்கும் அநியாயம் இன்னும் ஓயவில்லை. பணம் கட்டாதீர்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில், தொடர்புக்குரிய ஆசிரியர் என்று குறித்த பெயருக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கும். கட்டுரைத் தலைப்பு, பள்ளிக் கையேட்டுக்கு வேண்டும் என்ற விவரம் என இரண்டே வரி எழுதிப் பிரதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் இணை ஆசிரியர்களில் ஒருவருக்கு எழுதுங்கள்.